மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) பற்றி மருத்துவ மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும்? வீட்டில் இருக்கும் மாணவரிடம் கேட்டுக்கொண்டால் போதுமா?

பரிசோதனைகளின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். எதை, யாருக்கு, எந்த வயதில் என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கோலாலம்பூரில் படித்துவிட்டு இப்போது பினாங்கில் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தீபாவளிக்கு, பிறை என்ற ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு அப்போது 52 வயது. முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார்: "ஏன்யா, மேமோகிராம்னா மெஷின்ல வெச்சு அழுத்துவாங்களாமே, ரொம்ப வலிக்குமாம். ஸ்கேன் எடுத்தா போதாதா?"

"போதும் பெரியம்மா, ஸ்கேன்லயே எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையே சொன்ன பிறகு அவர் வேறு யாரிடம் கேட்பார்?

நான் சொன்னது தவறு. இறுதியாண்டில் ஒருநாள் ஆசிரியர் ஒரே பெண்ணின் இரண்டு படங்களைத் திரையில் போட்டார். மேமோகிராமில் ஓரிடத்தில் மட்டும் தூளுப்பைச் சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள். அல்ட்ராசவுண்டில் அதே இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் புள்ளிகள் நுண்ணிய கால்சியப் படிவுகள். கைக்குக் கட்டி தட்டுப்படும் முன்பே நோயைக் காட்டிக்கொடுப்பது சில நேரம் அவை மட்டும்தான்; ஸ்கேன் அவற்றைப் பெரும்பாலும் தவறவிடும். கட்டி இருந்தால் அது நீர்க்கட்டியா, திடமானதா என்று பிரித்துச் சொல்வதில்தான் ஸ்கேன் கெட்டிக்காரன். காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. என்பது, பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் போன்ற காரணங்களால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு.

தேர்வுக்காக நோயின் நிலைகளையும் மருந்துகளையும் மனப்பாடம் செய்கிறோம். மேமோகிராம் அறைக்குள் நின்று பார்த்தவர்கள் குறைவு, பையன்கள் இன்னும் குறைவு. அதனால் அழுத்துவது ஏன் என்றுகூடச் சொல்லத் தெரியாது. திசு பரவினால்தான் ஒன்றின் மேல் ஒன்று மறைக்காது, கதிர்வீச்சும் குறையும். ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் சில விநாடி அழுத்தம், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய பெண்களை மேமோகிராமுக்குக் கடிதம் போட்டு அழைக்கிறார்கள். மலேசியாவில் அப்படி அழைப்பு வருவதில்லை. 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது நம் வழிகாட்டுதல். ஆனால் நாமாகத்தான் போக வேண்டும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோயே தெரிய வந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தைக்கு இங்கே அவ்வளவு கனம் இருக்கிறது.

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன். ஆசிரியர் அந்தப் படங்களைக் காட்டிய அன்று மாலையே போன் போட்டு, "நான் சொன்னது தப்பு பெரியம்மா, மேமோகிராம் எடுத்துடுங்க. எடுக்கிற அன்னிக்கு அக்குள்ல பவுடர் மட்டும் போடாதீங்க" என்றேன். பவுடர் துகளும் படத்தில் அதே வெள்ளைப் புள்ளியாக விழும். போனார். திசு அடர்த்தியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை என்பதால் கூடவே ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

இந்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும். லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன்.