கன்டெய்னருக்குத் தனி கான்ஃபிக் தேவையா?

கேள்வி: எங்கள் மென்பொருள் விர்ச்சுவல் மெஷின்களை எக்ஸ்எம்எல் கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பு வைத்து இயக்குகிறது. இப்போது லினக்ஸ் கன்டெய்னரையும் சேர்க்கிறோம். பழைய வடிவத்தையே நீட்டலாமா, புதிதாக ஒன்று எழுதலாமா?

பதில்: நீட்டுங்கள். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் அப்படித்தான் செய்தது. மெஷினை விவரிக்கும் அதே 'டொமைன்' கோப்பு, வகை மட்டும் 'எல்எக்ஸ்சி' (லினக்ஸ் கன்டெய்னர்). பெயர், மெமரி, நெட்வொர்க் எல்லாம் பழையபடியே இருக்கும். எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் பகுதிதான் மாறுகிறது. கன்டெய்னருக்கென்று தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸும் கிடையாது, அதனால் அங்கே 'இனிட்' என்று முதலில் ஓட வேண்டிய புரோகிராமின் பாதையைக் கொடுத்தால் போதும். டிஸ்க் இமேஜுக்குப் பதிலாக ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் கணினியில்) உள்ள ஒரு டைரக்டரியை உள்ளே ரூட்டாக மவுன்ட் செய்யலாம். யாராவது கன்டெய்னருக்கு பயாஸ் எழுதி வைத்தால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது வேறு. கெர்னல் வைத்திருக்கும் கோப்புப் பெயர்களை உங்கள் கான்ஃபிக்கில் நுழைய விடாதீர்கள். எல்எக்ஸ்சி என்றே பெயருள்ள தனிக் கன்டெய்னர் மென்பொருளின் சொந்த கான்ஃபிக்கில், மெமரி வரம்புக்கு சிகுரூப் (புரோகிராம்கள் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பது போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி) கோப்பின் பெயரையே, அதாவது 'மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ்' என்றே எழுதினார்கள். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் (2016-ல் கெர்னல் 4.5-இல் அதிகாரபூர்வமானது) அதுவே 'மெமரி.மேக்ஸ்' ஆகிவிட்டது, அதனால் புதிய சிஸ்டத்துக்கு மாறியவர்கள் கான்ஃபிக்கையும் திருத்த வேண்டி வந்தது. லிப்விர்ட்காரர்கள் வெறும் 'மெமரி' என்று எழுதியிருந்ததால் அவர்கள் கோப்பில் கை வைக்கவே தேவைப்படவில்லை, உள்ளே எந்தக் கோப்பில் எழுதுவது என்பது மென்பொருளின் பாடு. இப்படிப் பொதுவான பெயர்களில் அடங்காத ஏதாவது கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பகுதி ஒதுக்கி, 'இதற்கு உத்தரவாதம் இல்லை' என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: மெமரிக்கு வெறும் 512 என்று போட்டேன். கன்டெய்னர் எழுந்திருக்கவே இல்லையே?

பதில்: லிப்விர்ட் என்றால் எழாது. அலகு சொல்லாவிட்டால் அது கிபிபைட்டாகத்தான் (1,024 பைட்) எடுத்துக்கொள்ளும், அரை எம்பியில் என்ன ஓடும்! கன்டெய்னருக்கான பொதுத் தரநிலையான ஓசிஐயின் ஜேசான் கோப்பிலோ அதே எண் பைட் கணக்கு. யூனிட்டைச் சேர்த்து எழுதுங்கள். அதிலும் 'எம்பி' என்றால் லிப்விர்ட்டுக்குச் சரியாகப் பத்து லட்சம் பைட், 'எம்ஐபி' என்றால்தான் 10,48,576.