ஆன்செல் கீஸும் பசியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஊட்டச்சத்துப் பேராசிரியர் ஆன்செல் கீஸ் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 22 நாடுகளின் கணக்கு கையில் இருந்தும், தனக்குத் தோதான ஏழு நாடுகளை மட்டும் பொறுக்கி, கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று உலகையே ஏமாற்றிவிட்டாராமே? அப்படியானால் நெய்யைத் தாராளமாகச் சாப்பிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

நெய்யை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கீஸைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது, அதனால் பதில்.

உணவில் கொழுப்பையும் இதயநோய்ச் சாவையும் ஒப்பிட்டு 1953இல் கீஸ் வெளியிட்ட வரைபடத்தில் இருந்தவை ஆறு நாடுகள். 22 நாடுகளின் கணக்கை எடுத்துவைத்து அதை விமர்சித்த கட்டுரை வந்தது 1957இல். கீஸின் ‘ஏழு நாடுகள் ஆய்வு’ என்பதோ 1958இல் தொடங்கிய வேறு வேலை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றையும் போட்டுக் குழப்பி ஒருவரை மோசடிக்காரர் என்பது என்ன நியாயம்? அவர் நாடுகளைத் தேர்ந்த விதத்தைக் கேள்வி கேட்கலாம். சர்க்கரையே எதிரி என்ற விஞ்ஞானி ஜான் யுட்கினை அவர் ஏளனமாகப் பேசியது எனக்கும் பிடிக்காது. அது வேறு.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1944இல் அவர் தொடங்கிய வேலையை. மின்னசோட்டா பல்கலைக்கழக மைதானத்தின் கேலரிக்கு அடியில்தான் அவருடைய ஆய்வுக்கூடம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய, அங்கே தாமாக முன்வந்து வயிற்றைக் காயப்போட்டார்கள். ஆறு மாதம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி. உடல் எடையில் கால்வாசி போயிற்று. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்.

எங்கள் ஆத்தா சாப்பிட்டதும் தட்டில் தண்ணீர் ஊற்றி, விரலால் வழித்துக் குடித்துவிடும். மூட்டை மூட்டையாக அரிசி கிடந்த வீட்டில் அதன் தலையணைக்கடியில் எப்போதும் ஒரு பொரிகடலை முடிச்சு இருக்கும். "ஏன் இப்படி மானத்தை வாங்குற?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். சின்ன வயதில் பட்டினி பார்த்த உடம்பு அது. அந்த 36 பேரைப் பற்றிப் படித்தபோதுதான் ஆத்தாவை யாரும் அதட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

பட்டினியால் மெலிந்தவர்களுக்கு வைட்டமின் மாத்திரை மட்டும் போதாது, வயிறார உணவு வேண்டும், நாளுக்கு 4,000 கலோரிகூடத் தேவைப்படும் என்று கண்டு சொன்னவர் கீஸ். 1950இல் அது இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. நீங்கள் பார்த்த வீடியோவில் இதில் ஒரு வரியாவது இருந்ததா? பத்து நிமிடம் பார்த்துவிட்டு நூறு வயது வாழ்ந்த மனிதருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், தம்பி. 1953, 1957, 1958 என்று மேலே சொன்ன மூன்று வருடங்களையும் அந்த வீடியோ போட்டவருக்கு எழுதி அனுப்புங்கள். என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரிவியுங்கள்.