படையப் பூட்டி வைக்க முடியுமா?

கேள்வி: டெக்சாஸ்ல இருக்குற மகன் ஒரு மியூசியத்துல அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ஒண்ணோட ஹிஸ்டரி போர்டை போட்டோ எடுத்து அனுப்புனான். கான்ஸ்டிட்யூட்டட்னு ஒரு தேதி, ஆக்டிவேட்டட்னு வேற தேதி, அப்புறம் இன்ஆக்டிவேட்டட், சில வருஷம் கழிச்சு மறுபடி ஆக்டிவேட்டட். ஒரே படைக்கு எத்தனை தடவ காதுகுத்து வைப்பாங்க?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீங்க இதக் கேக்கலாமா! மகனுக்குக் கல்யாணம் ஆனதும் நகரத்தார் கோயில் கணக்குல தனிக் குடும்பம்னு ஒரு புள்ளி எழுதுறீங்கல்ல, அதுதான் கான்ஸ்டிட்யூட்டட். பேப்பர்ல பேர் வந்தாச்சு, ஆளு இன்னும் வரல. அப்புறம் தனிக்குடித்தனமா வேறு வச்சு தனி அடுப்பு மூட்டுறது ஆக்டிவேட்டட். இன்ஆக்டிவேட்டட்னா முகப்புல பூட்டு, எல்லாரும் மெட்ராஸ் போயாச்சு, வளவு முற்றத்துல புறாதான் குடும்பம் நடத்துது, ஆனா புள்ளி கணக்குல அப்படியே இருக்கு பாருங்க, என்னைக்கு வேணா வந்து கதவத் தொறக்கலாம், பழைய பேரு, சின்னம், வாங்குன விருது எல்லாம் திரும்ப அந்தப் படைக்கேதான். டிஸ்பேண்டட்னா புள்ளியவே அடிச்சாச்சு. (அதையும் சில சமயம் ஆர்டர் போட்டு திரும்ப எழுதிக்குவான் அமெரிக்காக்காரன், அதுக்குப் பேரு ரீகான்ஸ்டிட்யூட்டட்!) டிஆக்டிவேட்டுன்னு சிலர் எழுதுறாங்க, அந்த ஏர்ஃபோர்ஸ் கணக்குல இன்ஆக்டிவேட்தான் சரி.

நம்ம நாட்டுப் பாஷை வேற. ஆர்மில புதுசா ஒரு படையத் தொடங்குறத ரெய்ஸ் பண்றதும்பாங்க, வருஷா வருஷம் ரெய்சிங் டே கொண்டாடுறது அதனாலதான். நேவில கப்பலைச் சேவையில சேத்தா கமிஷன், விலக்குனா டீகமிஷன். 1997ல டீகமிஷன் ஆன விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் பேரத்தான் 2022ல கமிஷன் ஆன புதுக் கப்பலுக்கு வச்சாங்க, பேரனுக்கு ஐயா பேர் இடுற மாதிரி.

எனக்குப் புடிச்சது நம்ம ஏர்ஃபோர்ஸ்ல சொல்ற நம்பர் பிளேட்டட். விமானத்துக்கு வயசாகி கழிச்சுக் கட்டுனதும் ஸ்குவாட்ரன் நம்பர மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்கிறது, வித்த காரோட ராசி நம்பர விட மனசில்லாத மாதிரின்னு வச்சுக்கங்களேன். இதப் பாக்க ரொம்ப தூரம் போக வேணாம், தஞ்சாவூர்ல இருக்கு 222ஆம் ஸ்குவாட்ரன், பேரு டைகர்ஷார்க்ஸ். 1969ல சுகோய் 7 போர் விமானத்தோட ஆரம்பிச்சது, அப்புறம் மிக் 27, அதுவும் போனதும் நம்பர் பிளேட் ஆகி வருஷக்கணக்கா சும்மா கெடந்து, 2020 ஜனவரில அதே நம்பர், அதே பேரோட சுகோய் 30ஐ வச்சு கதவத் தொறந்தாங்க. வத்தல் காயப் போட மாடிக்குப் போறப்ப தலைக்கு மேல காதடைக்கிற சத்தம் கேட்டா கொஞ்சம் நிமிந்து பாருங்க ஆச்சி, அவங்களா இருக்கலாம்.