நள்ளிரவில் டென்ட் போடப் போகிறவருக்கு

கேள்வி: முகாம் தளத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது இரவு 11 மணி தாண்டிவிட்டது. சுற்றிலும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கார் விளக்கைப் போட்டு, முளைகளை அடித்து, ஒரு மணி நேரம் போராடி டென்ட் போட்டோம். நடுவில் பக்கத்து டென்டிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "விடிய விடிய இதேதானா?" என்று சத்தம் போட்டார். நாங்களும் பணம் கட்டித்தானே வந்திருக்கிறோம்? தாமதமாக வருகிறவர்கள் என்னதான் செய்வது?

பதில்: பணம் கட்டினீர்கள், சரி. அவரும்தான் கட்டியிருப்பார், அதுவும் தூங்குவதற்காக. ஆனாலும் எனக்கு உங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சில வருடங்களுக்கு முன்பு நானும் என் மனைவியும் இதேபோல் பதினொன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். டார்ச்சைக் காலடியில் காட்டாமல் எங்கோ தூரத்தில் காட்டிக்கொண்டு நடந்தேன். பக்கத்து டென்டின் இழுகயிறு காலில் மாட்டி, முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே ஓர் இருமல். அப்புறம் சத்தமே இல்லை. இருட்டில் தரையைத் தடவி, ஏதோ ஓர் இடத்தில் முளையைச் செருகிவிட்டு நழுவினேன். காலையில் பார்த்தால் அந்த மூலை சரிந்து, பனியில் நனைந்த மேல்துணி உள்துணியோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த மனிதர் தலையணையை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு விழுந்த திட்டு பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

நாம் இருவரும் செய்த தப்பு ஒன்றுதான். அந்த நேரத்தில் போய் முழு டென்ட் போடப் பார்த்தோம். நடுராத்திரியில் வேண்டியது படுக்க ஓர் இடம், அவ்வளவுதான். தரைவிரிப்பு, உள்துணி, கம்பு, நான்கு மூலைக்கு நான்கு முளை. மழை வரும்போல் இருந்தாலோ காற்று அடித்தாலோ மேல்துணியையும் போட்டு, காற்று வரும் பக்கத்துக் கயிறுகளையாவது இழுத்துக் கட்டிவிடுங்கள், அதில் சோம்பல் கூடாது. முன்வாசல் பந்தல், மேசை, நாற்காலி எல்லாம் டிக்கியிலேயே கிடக்கட்டும். காற்று மெத்தைக்குப் பம்ப் போடவே போடாதீர்கள். அந்த நேரத்தில் அது மாவு மில் ஓடுகிற மாதிரி கேட்கும். ஓர் இரவுக்கு நுரைப்பாய் போதும்.

இதிலும் முக்கால்வாசி வேலை கிளம்பும்போதே முடிந்திருக்க வேண்டும். டென்ட் பையைக் கடைசியாக ஏற்றுங்கள், அப்போதுதான் முதலில் கைக்கு வரும். டார்ச்சும் முளைப் பையும் அதன் மேலேயே இருக்கட்டும். டிக்கியை ஒரே ஒருமுறை திறந்து மூடினால் போதும் என்கிற அளவுக்கு அடுக்க வேண்டும். பொருட்களை பிளாஸ்டிக் கவர்களில் வைக்காதீர்கள், ராத்திரியில் அந்தச் சரசரப்பு கொஞ்சநஞ்சமல்ல. துணிப்பை நல்லது. புது டென்ட் என்றால் வீட்டிலேயே ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பு எந்த ஓட்டையில் போகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் வாய் பேச வேண்டியதில்லை. இரவு டென்ட் போடும்போது வரும் சத்தத்தில் பாதி, "அது இல்லை, இன்னொன்று!" என்பதுதான்.

தாமதம் ஆகும் என்று தெரிந்ததும் முகாம் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். பல இடங்களில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 அல்லது 7 வரை அமைதி நேரம். சில இடங்களில் அந்த நேரத்தில் கார் உள்ளே போகாது, வெளியே நிறுத்திவிட்டுச் சுமந்துகொண்டு போக வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் இன்று ஓர் இரவுக்கு மட்டும் இடம் கிடைக்குமா என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சாப்பாட்டையும் வழியிலேயே முடித்துவிடுங்கள். பசியில் டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்கிற வேலை எந்த நேரத்திலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை அது எழுப்பாது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் எஞ்சினை அணையுங்கள், ஹெட்லைட்டையும் சேர்த்து. கதவை அறையாமல், சாத்தி இடுப்பால் ஒரு தள்ளு. ரிமோட் வேண்டாம், அது கீச்சென்று கத்தும். சாவியைப் போட்டுத் திருப்புங்கள். பேசுவதென்றால் கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுப்பில் வரும் ஸ், ச் சத்தங்கள்தான் காதைக் குத்தும். தாழ்ந்த குரலில் சாதாரணமாகப் பேசினால் அவ்வளவு எடுபடாது. பகலில் கேட்காத சத்தம் இரவில் கேட்பதற்குக் காரணம் ஊர் அடங்கியது மட்டுமல்ல. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். பகலில் மேலே போய்விடும் ஒலி, அப்போது கீழ்நோக்கி வளைந்து தூரம்வரை தரையோடு ஓடும். நான்காவது டென்டில் இருப்பவருக்கும் உங்கள் சண்டை கேட்கும்.

பிறகு தரைவிரிப்பை விரித்து, டென்ட் எழுப்புவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவும் கல்லும் முதுகுக்குத் தெரியும். தலை மேட்டுப் பக்கம். பள்ளம் வேண்டாம், குளிர்காற்றும் மழைத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். ஒருமுறை அண்ணாந்து பார்த்து, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து டென்டை ஒட்டிக்கொண்டு போடாதீர்கள். பிரிட்டனில் முகாம் தளங்களில் இரண்டு டென்டுகளுக்கு நடுவே 6 மீட்டர் விடச் சொல்கிறார்கள், தீப்பிடித்தால் பரவாமல் இருக்க. இருட்டில் டேப் வைத்தா அளப்பது, காலை அகட்டி வைத்து எட்டுக் காலடி நடந்தால் ஏறக்குறைய வந்துவிடும். சமமான, அருமையான இடம் ஒன்று காலியாகக் கிடந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அது கழிப்பறைக்குப் போகும் வழியாக இருக்கும்.

கம்புகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு இருக்கிறதே, அதை உதறினால் துண்டுகள் தாமாகவே டக் டக்கென்று பொருந்திக்கொள்ளும். பகலில் பார்க்க அழகு. இரவில் ஒவ்வொரு இணைப்பையும் கைக்குள் பொத்திப் பிடித்துச் செருகுங்கள். துணிக்குழலுக்குள் கம்பைத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் நடுவில் கழன்றுகொள்ளும், அப்புறம் அதைத் தேடித் துணியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டும்.

முளைக்கு வருவோம். நீங்கள் திட்டு வாங்கியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். உலோக முளையில் கல்லோ சுத்தியலோ பட்டால் மணி அடித்த மாதிரி. ஈர மண்ணாக இருந்தால், முளையின் தலையை டென்டுக்கு வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்து, ஷூ குதிகாலை வைத்து உடம்பு எடையை மெதுவாக இறக்குங்கள், தானாக இறங்கும். செருப்புக் காலோடு முயற்சி செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன், வேண்டாம். கல்லில் முட்டினால் மல்லுக்கட்டாமல் நாலு விரல் தள்ளி வேறு இடம் பாருங்கள். தரை கெட்டியாக இருந்தால் கனமான பைகளை உள்ளே நாலு மூலையிலும் வைத்துவிட்டுப் படுங்கள். காற்று இல்லாத இரவில் அது தாங்கும். காற்று இருந்தால் காரிலேயே தூங்கிவிடுங்கள், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு.

கேள்வி: தலையில் மாட்டும் டார்ச்சில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்களே, அது உண்மையிலேயே உதவுமா, வெறும் அலங்காரமா?

பதில்: உதவும். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்கள் நம் விழித்திரையில் இருக்கின்றன. அவை இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகப் பாதிக்காது. தூங்குகிறவருக்கும் துணி வழியே பளிச்சென்று தெரியாது. ஒரு சிக்கல்: சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும் ஒரே மாதிரி தெரியும். அதனால் கயிற்றின் நிறத்தை நம்பாதீர்கள். உங்கள் கயிறுகளில் ஒளி திருப்பும் நூல் இல்லையென்றால், கண்ணில் படும்படி ஒரு வெள்ளைத் துணித் துண்டை முடிந்துவிடுங்கள்.

சிவப்பு இல்லாவிட்டாலும் கவலை இல்லை. டார்ச்சை ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, கழுத்தில் தொங்கவிட்டுத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். நெற்றியில் மாட்டினால் நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். யாராவது "யார் அது?" என்று கேட்டதும் மரியாதையாக முகத்தைப் பார்ப்பீர்கள் பாருங்கள், அவர் கண் அதோடு போச்சு.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். அவர்களை எப்படிச் சத்தமில்லாமல் வைத்திருப்பது?

பதில்: முடியாது. டென்ட் தயாராகும்வரை காருக்குள் தூங்கட்டும், ஒருவர் கூடவே இருங்கள். டென்டுக்குள் படுக்க வைப்பதற்கு முன்பே கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் ஜிப்பை ராத்திரி முழுக்கத் திறந்து மூட வேண்டியிருக்கும். ஜிப்பை ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் சத்தம் பாதியாகும்.

கேள்வி: நான் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிற ஆள். நள்ளிரவில் பக்கத்தில் வந்து இறங்கி உருட்டுகிறவர்களை என்ன செய்யலாம்?

பதில்: பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறமும் உருட்டல் ஓயவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். திட்டினால் பதற்றத்தில் இன்னும் நாலு முளையைக் கீழே போடுவார்கள். எழுந்து போய், "நான் டார்ச் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒருமுறை என்னிடம் ஒரு பெண்மணி அப்படித்தான் கேட்டார். இரவு உடுப்பில், ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் எங்கள் டென்டின் மூலை. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. போகும்போது, "என் கயிறு இங்கே இருக்கிறது, பார்த்து நடங்கள்" என்று வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.