தக்காளி இலையில் மஞ்சள் வளையம்

வணக்கம். வேளச்சேரி மொட்டை மாடித் தக்காளியில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள், இது சத்துக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புள்ளிக்குள் மரத்தின் வெட்டுமுகம் போல வளையங்கள் இருந்தால் அது சத்துக் குறைவல்ல, ஆல்டர்நேரியா என்ற பூஞ்சையால் வரும் இலைக்கருகல் நோய். பூஞ்சை தனக்கு முன்னே நச்சை அனுப்பும். அது பரவிய இடம்தான் அந்த மஞ்சள். அங்கே செல் சவ்வு கசிந்து செல் சாகும், அப்புறம் பூஞ்சை உள்ளே வரும்.

ரகத்துக்கு ரகம் பாதிப்பு மாறும். உதாரணமாக, 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் வேறொரு பூஞ்சையின் நச்சு, 'டெக்சாஸ்' என்ற வகைச் சோளச் செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) இருந்த ஒரே ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளை போட்டது. அந்தப் புரதம் இல்லாத செடிகள் பெரும்பாலும் தப்பின.

சரி, இப்போது புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தொட்டி மண்ணைச் சருகால் மூடிவிடுங்கள், மண் தெறித்துத்தான் பூஞ்சை அடியிலைக்கு ஏறுகிறது.