தேவகோட்டையில் ஃபிர் மரம் நிற்குமா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகள் குடும்பத்தோடு இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தேவகோட்டை வருகிறாள். பேரனுக்கு அங்கே கிறிஸ்துமஸ் மரமாக வைக்கும் நிஜ ஃபிர் மரம்தான் வேண்டுமாம், வாசனையும் அடிக்க வேண்டுமாம். ஊட்டியிலிருந்து தொட்டியோடு ஃபிர் வரவழைத்துத் தருவதாக ஒரு நர்சரிக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? எங்களுடையது முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு. பண்டிகை முடிந்ததும் தோட்டத்தில் நட்டுவிட நினைக்கிறேன். - ஒரு வாசகி

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் அந்தச் செடியில் ஓர் ஊசியிலையைப் பிய்த்துப் பாருங்கள். ஃபிர் என்றால் இலை தட்டையாக இருக்கும், விரலைக் குத்தாது, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். பிய்த்த இடத்தில் கிளை வழவழப்பாக, சின்ன வட்டத் தழும்போடு நிற்கும். ஃபிர் போலவே தெரியும் ஸ்ப்ரூஸ் மரத்தின் இலை சதுரமாக இருப்பதால் விரலிடுக்கில் உருளும். பிய்த்தால் கிளையில் முள் போன்ற சிறு காம்பு மிஞ்சும். பைன் மரத்தின் இலைகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக வரும். இது எதுவுமே இல்லாமல், செதில் செதிலாகக் கிளையோடு ஒட்டிய இலை என்றால் அது சைப்ரஸ். அடுக்கடுக்காக, குடை விரித்த மாதிரி கிளை வைத்திருந்தால் அரக்கேரியா. உங்களுக்கு வரப்போவது இந்தக் கடைசி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தென்னிந்தியாவில் தானாக வளரும் ஃபிர் கிடையாது. இமயமலையில் 2,000 மீட்டருக்கு மேலே போனால்தான் அதன் காடு.

நிஜ ஃபிர் கிடைத்தாலும் தொட்டிச்செடியாக வாங்காதீர்கள். குளிர்காலத்தில் பல வாரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதன் மொட்டு சரியாக விரியும். தேவகோட்டையில் மார்கழி ராத்திரியிலும் அந்தக் குளிர் வராது. சித்திரை வெயிலில் தொட்டி மண் சூடேறும்போது வேர் வெந்துவிடும். எவ்வளவு அக்கறையாகப் பார்த்தாலும் அடுத்த கிறிஸ்துமஸைக் காணாது. தோட்டத்தில் நடும் யோசனையும் இந்த மரத்துக்குப் பொருந்தாது.

வெட்டிய ஃபிர் கிடைத்தால் கதை வேறு. உங்கள் பேரன் ஜெர்மனியில் பார்த்தது பெரும்பாலும் நார்ட்மன் ஃபிராக இருக்கும். காகசஸ் மலைக்காரன். அங்குள்ள ஜார்ஜியா நாட்டில் எடுத்த விதையை டென்மார்க்கில் நட்டு, ஆளுயர மரமாக்க எட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இலை சீக்கிரம் உதிராததால்தான் அதற்கு அவ்வளவு மவுசு. அப்படி ஒரு மரம் வந்தால், கல்யாண வாசலில் கட்டும் வாழையை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பாருங்கள்: பண்டிகை வரைக்கும் பச்சை நிற்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது கிளையை உள்ளங்கையில் பிடித்து நுனிப்பக்கம் உருவுங்கள். பச்சை இலை கையோடு வந்தால் அது பழைய மரம், வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அடிமரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். சில மணி நேரம் விட்டால் பிசின் வெட்டுவாயை அடைத்துவிடும், அப்புறம் தண்ணீர் ஏறாது. பட்டையைச் சீவவும் கூடாது. வெளிப்பக்க மரம்தான் தண்ணீர் அதிகம் குடிக்கும். மூன்று அங்குலத் தடி என்றால் முதல் சில நாள் தினம் மூன்று லிட்டர் வரை இழுக்கும். சர்க்கரை, மாத்திரை எதுவும் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். வெட்டுவாய் ஒரு பொழுதுகூடக் காயக்கூடாது. காற்றாடிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். நம்மூர்ச் சூட்டில் இரண்டு வாரம் தாங்கினால் பெரிய விஷயம், அதனால் டிசம்பர் 18, 20 வாக்கில் வரும்படி சொல்லுங்கள். காய்ந்த ஃபிர் சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி அருகில் வேண்டவே வேண்டாம், எல்இடி சரம் மட்டும் போடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் அரக்கேரியாதான் உங்கள் வீட்டுக்குச் சரி. நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்றே கேட்டு வாங்கலாம். பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவு அதன் சொந்த ஊர். அங்கே உறைபனி கிடையாது, அதனால் நம் வெப்பத்தோடு ஒத்துப்போகும். வாங்கும்போது உச்சியைப் பாருங்கள். நடுத்தண்டு செங்குத்தாக ஒரே குருத்தோடு போக வேண்டும். பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்றும் சந்தைக்கு வருகிறது. அது எத்தனை வருஷம் ஆனாலும் பக்கவாட்டில்தான் சாயும், மர வடிவம் எடுக்காது. அடிக்கிளை அடுக்கு முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முறை உதிர்ந்த கிளை அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. உச்சிக் குருத்தையும் கிள்ளிவிடக் கூடாது.

வைக்கும் இடம்: முற்றத்தை ஒட்டிய வளவுத் தாழ்வாரம் இதற்கென்றே கட்டினது போன்ற இடம். வெளிச்சம் நிறைய, உச்சி வெயில் நேராக விழாது. விருந்தாளிகள் பார்க்க வேண்டும் என்று இருட்டான உள்கட்டுக்குக் கொண்டுபோனால் பண்டிகை நாட்களுக்கு மேல் விடாதீர்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் அடிக்கிளை பழுத்து விழும். வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாயாது. விரலை மண்ணுக்குள் விட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கடினமான போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். அதற்கு உங்கள் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்து வையுங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கே பிடித்த தண்ணீர், செடிக்கு அமிர்தம்.

அலங்காரத்தில் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். கிளை மெலிசு. காகித நட்சத்திரம், வைக்கோல் பொம்மை, சின்ன மணி தொங்கவிடலாம். கண்ணாடி உருண்டைகளை நுனியில் மாட்டினால் கிளை வளைந்து அப்படியே நின்றுவிடும். பனி என்று தெளிக்கும் வெள்ளை ஸ்ப்ரே இலையை மூடிவிடும், வேண்டாம், பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று குடிலோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வாசனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரக்கேரியாவுக்கு அது இல்லை. நார்ட்மன் ஃபிருக்கே வாசனை குறைவுதான், பால்சம் ஃபிர்தான் மணக்கும். மலையிலிருந்து யாராவது வந்தால் நாலு சைப்ரஸ் கொத்து கொண்டுவரச் சொல்லித் தொட்டியைச் சுற்றி வையுங்கள். கசக்கினால் எலுமிச்சை கலந்த மணம் வரும். பேரனுக்கு ஒரு சவுக்குக் கிளையும் காட்டுங்கள். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அதுதான் கிறிஸ்துமஸ் மரம். ஊசியிலை போல் தெரிவது இலையல்ல, மெல்லிய தண்டு. கணுவில் இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் பல்லாக இருப்பதுதான் இலை. பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை.

கடைசியாக, நடுவது. அரக்கேரியாவை நடலாம், ஆனால் வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி. அது பனைமரத்தைத் தாண்டி வளரக்கூடியது. செம்புறாங்கல் பூமி என்பதால் மூன்றடிக்குக் குழி வெட்டிச் சரளையை அள்ளிவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். வெயிலுக்கு முன் வேர் பிடிக்க வேண்டும் என்பதால் ஜனவரியிலேயே நட்டுவிடுவது நல்லது. முதல் கோடைக்கு மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள். அவ்வளவு இடம் இல்லை என்றால் தொட்டியிலேயே விட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.