பக்தி உள்ளவர் நல்ல வக்கீலாக இருக்க முடியுமா? மத நம்பிக்கை சட்டத் தொழிலிலும் பொது வாழ்விலும் எந்த அளவுக்கு நுழைகிறது?

கேட்டவர் சட்டக் கல்லூரி மாணவர். தினமும் கோயிலுக்குப் போகிற பழக்கம் உள்ளவர். "கோர்ட்டுக்குள் நுழையும்போது சாமியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும்" என்று வகுப்பில் யாரோ சொன்னது அவரை உறுத்தியிருக்கிறது. நான் தென் மாவட்டம் ஒன்றில் சிவில் வழக்குகள் நடத்துகிறவன். பக்தியில் நான் அரைகுறை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் தேருக்கும் போவேன், விரதம் கிரதம் எல்லாம் இருந்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறவர், கோர்ட் ஹாலுக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் "கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை" என்றுதான் தொடங்குகிறார்கள். கோயில் நிலத்துக்கு வழக்கு என்றால், வாதியே சாமிதான்: "அருள்மிகு இன்ன சுவாமி, அதன் செயல் அலுவலர் மூலம்" என்று பிராதில் எழுதுகிறோம். நம் சட்டத்தில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். லண்டன் வரை போனது இந்தக் கதை. திருட்டுத்தனமாக விற்கப்பட்ட பத்தூர் நடராஜருக்காக, இடிந்து கிடந்த அந்த ஊர்க் கோயில் வழக்காட உரிமை உள்ள தரப்புதான் என்று 1991-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, சிலையும் நாடு திரும்பியது.

ஆக, சாமி உள்ளேதான் இருக்கிறார். எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதில்தான் சட்டம் கறாராக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, சத்தியம் செய்யும் சட்டத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோர்ட்டுகளில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் என்று வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். 1840-ல் ஒரு சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். நிறுத்தியது நாத்திகர்களுக்காக அல்ல. புனிதமான ஒன்றைத் தொட்டு ஆணையிடுவது பாவம் என்று நினைத்த பக்தர்கள் சாட்சி சொல்லவே வர மறுத்தார்கள், நீதி தடைப்பட்டது. அதனால் "உறுதி கூறுகிறேன்" என்றால் போதும் என்று மாற்றினார்கள்.

அதோடு முடியவில்லை. 1873-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டத்தில் ஒரு விசித்திரமான வழி இருந்தது. ஒரு தரப்பு, "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்யட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று கோர்ட்டில் சொல்லலாம். நீதிபதி எதிராளியிடம் கேட்பார். அவர் சம்மதித்தால், தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வெளியே ஆள் அனுப்பிக்கூடச் சத்தியம் வாங்கலாம். வாங்கிவிட்டால், அவர் சொன்னது சவால் விட்டவருக்கு எதிராக முடிந்த முடிவு. மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மறுத்ததையும் ஏன் மறுத்தார் என்பதையும் கோர்ட் பதிவு செய்யும். இதற்கு ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள்: சத்தியம் மூன்றாவது ஆளைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற ஊர் வழக்கம் இந்த வரம்போடு அடிபட்டுப் போகிறது. சட்டம் எழுதியவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது!

1969-ல் புதிய சட்டம் வந்தபோது இந்தச் சவால் சத்தியத்தை விட்டுவிட்டார்கள். இப்போது சாட்சி கடவுள் பெயரால் சொல்லலாம், வெறுமனே உறுதியும் கூறலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்பு. விட்டது சரி என்பது என் கருத்து. சத்தியத்துக்குப் பயப்படுகிறவன்தான் அந்த முறையில் மாட்டிக்கொள்வான். உண்மை தன் பக்கம் இருந்தும், சாமி முன்னால் வாயைத் திறக்கக் கூசி ஒதுங்குவான். பயமே இல்லாதவன் சூடத்தை ஊதி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வயலை எழுதி வாங்கிக்கொண்டு போவான். பக்தியை மதிப்பதுபோல் தெரிந்த ஏற்பாடு பக்தனைத்தான் பலிகொடுத்தது.

ஆனால் ஜனங்கள் அதை விடவில்லை. வண்டிப்பாதைத் தகராறு ஒன்றில் என் கட்சிக்காரர், பெரியவர், என் டேபிளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார்: "ஐயா, அவன் நம்ம அய்யனார் கோயில்ல வந்து சூடத்த அணைக்கட்டும். நான் கேஸ வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"கோர்ட்டுல அப்படிக் கேக்க முடியாதுங்கய்யா. வெளிய ரெண்டு பேரும் பேசி முடிச்சா, எத்தனை அடி பாதை, எங்கேருந்து எங்க வரைன்னு ராஜி மனுவா எழுதிக் கொடுப்போம்."

"அப்ப சாமி சொன்னா செல்லாதா?"

"சாமி சொன்னத நீங்க ஏத்துக்கலாம். ஜட்ஜுக்கு அளவு வேணும்."

அதில் ராஜி ஆகவில்லை, எதிர்த் தரப்புக் கோயிலுக்கு வரவும் இல்லை. கேஸ் வழக்கம்போல் ஓடியது. ஆனால் அந்தப் பேச்சில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நம்பிக்கை உங்களை உண்மை பேச வைக்கலாம், ஒரு ஏழையின் வழக்கை ஃபீஸ் வாங்காமல் நடத்த வைக்கலாம், மேஜிஸ்ட்ரேட் முகம் சுளித்தாலும் எழுந்து நிற்க வைக்கலாம். ஆனால் "இதனால் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, அந்தக் காரணம் எதிர்த் தரப்பு பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். சாமியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவ்வளவுதான் எல்லை.

இந்த எல்லையை வைத்துப் பார்த்தால், நாம் நினைப்பதற்கு நேர்மாறான வரலாறுகூடத் தெரியும். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். அது லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று முடிந்தது. வழக்கம் அப்படி, சாட்சியம் அப்படி. அந்தத் தீர்ப்பைச் சொன்ன லண்டன் நீதிபதிகள் மீனாட்சியைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. பக்தியே இல்லாத சட்ட அறிவு, கோயில் கதவைச் சாத்தியே வைத்தது.

முப்பது வருடம் கழித்து மதுரையில் இன்னொரு கோயிலின் கதவைத் திறந்தவர் பக்தர். வக்கீல் அ. வைத்தியநாத ஐயர், 1939 ஜூலை 8 அன்று, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு வரவேற்றார். எதிர்த்தவர்களும் பக்தர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. வர்ணாசிரம சுயராஜ்ய சங்கத்தார், மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்றார்கள். ஆக இரண்டு பக்கமும் பக்தி. சட்டம் எதைச் செய்தது? மீனாட்சி உள்ளே இருக்கிறாளா வெளியே போனாளா என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. ராஜாஜி (அவரும் வக்கீல்) தலைமையிலான அரசு முதலில் அவசரச் சட்டம், பிறகு 1939-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் என்று கொண்டுவந்து, கதவைத் திறந்தவர்கள் மீது வழக்குப் பாயாதபடி காப்புக் கொடுத்தது. எல்லாக் கோயில்களுக்குமான உரிமை 1947 சட்டத்தில்தான் வந்தது.

வைத்தியநாத ஐயருக்கு உந்துதல் பக்தியும் காந்தியும். கையில் எடுத்தது சட்டம். அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

நம்பிக்கை இல்லாதவர்களின் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. புரோகிதரும் அக்னியும் இல்லாமல் 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் சொன்னது. மதச் சடங்கு இருந்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ஊரறிய வாழ்ந்த குடும்பங்களின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணா 1967-ல் ஆட்சிக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். உற்றார் நண்பர் முன்னால் "இவரை ஏற்கிறேன்" என்று இருவரும் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்று ஆனது. வக்கீல்கள் முன்னால் இப்படித் திருமணம் செய்துகொள்ளலாமா என்ற சந்தேகத்தைக்கூட உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்த்துவைத்தது. செய்யலாம்; ஆனால் கோர்ட் அலுவலர் என்ற தோரணையில் அல்ல, நண்பராகவோ உறவினராகவோ நிற்கலாம் என்றது.

பொது வாழ்வுக்கு வந்தால், நம் ஊரில் பதவியேற்பு விழாவே ஒரு வாக்குமூலம். "உளமார" என்று ஒரு கூட்டம், "ஆண்டவன் பெயரால்" என்று இன்னொரு கூட்டம். டிவியில் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காது கொடுப்போம். அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், முகப்புரையையே "கடவுளின் பெயரால்" என்று தொடங்கலாம் என்றார். 1949 அக்டோபரில் அது வாக்கெடுப்பில் தோற்றது. நாட்டின் பெயரால் கடவுளை அழைக்க மாட்டோம், தனி மனிதர் தன் பெயரால் அழைத்துக்கொள்ளட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் நம் மாநிலத்துக்கே உரிய வேடிக்கை ஒன்று: அறநிலையத் துறை ஆணையர் இந்து மதத்தைப் பின்பற்றுகிறவராக இருக்க வேண்டும், விட்டால் பதவியும் போகும் என்று 1959 சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்கு மேலே இருக்கும் அமைச்சருக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

உங்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் நீதிபதி மு. மு. இஸ்மாயீலைச் சொல்வேன். நாகூர்க்காரர். நெருக்கடி நிலையில் சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரித்தது அவர் கமிஷன்தான். 1979-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1981-ல் கேரளத்துக்கு மாற்றியபோது பதவியை விட்டு விலகினார். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர், வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று கம்பன் பாடல்களை வைத்து வாதாடியவர். முஸ்லிமாக வாழ்ந்துகொண்டே ராமகாதையில் தோய்ந்த மனிதர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மத நல்லிணக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு நீதிபதியின் பயிற்சி: தன்னுடையது அல்லாத ஒரு நம்பிக்கைக்குள் போய், அதன் நியாயத்தை அதன் சொற்களிலேயே கேட்கத் தெரிந்திருப்பது. அது இருந்தால் நெற்றியில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பித் தொழுகிறார் என்பதெல்லாம் கட்சிக்காரருக்கு ஒரு பொருட்டே அல்ல.

கடைசியாக உங்கள் தொழில் சந்தேகம். மனசுக்கு ஒவ்வாத கேஸ் வந்தால் மறுக்கலாமா? நீங்கள் தொழில் செய்கிற கோர்ட்டில், உங்கள் தகுதிக்கேற்ற ஃபீஸ் கொடுத்து வருகிறவரின் வழக்கை ஏற்க வேண்டும் என்பதுதான் பார் கவுன்சில் விதி. விசேஷக் காரணம் இருந்தால் மறுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் செய்திருப்பார் என்று நீங்கள் நினைப்பது மறுப்பதற்குக் காரணம் ஆகாது. எனவே ஒவ்வாது என்றால் கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, சாட்சி விசாரணை நடக்கும்போது, "என் மனசு இடம் கொடுக்கவில்லை" என்று எழுந்து போகாதீர்கள். போதிய காரணம் இருந்து விலகுவதானாலும் முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும், செய்யாத வேலைக்கான ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.